ஒரே வீட்டுத் தங்கம்

கொட்டாங்குச்சியை நாங்கள் வெந்நீர் அடுப்பில் போடுவோம். அதே கொட்டாங்குச்சியை வட்டமாக நறுக்கி, மெருகு போட்டு, ஓரத்தில் நூல் கனத்துக்குத் தங்கத்தை ஓட்டி, வாழைநார்ப் பெட்டியில் வைத்தால் ஒரு வாத்தியாரின் மாதச் சம்பளத்துக்கு விற்கலாம் என்பது ஐம்பது வயதுக்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அதுவரை எத்தனை ஜோடிக் கம்மலை எரித்துக் குளித்திருக்கிறேன் என்று நினைத்தால் சிரிப்பு வருகிறது.

அப்படி விற்ற கம்பெனியின் பெயரைச் சொல்லி ஓசி விளம்பரம் தர எனக்கு மனமில்லை. புதுக்கோட்டையிலிருந்து அரிமளத்துக்குப் போகும் வழியில் ஒரு பெரிய வீட்டை வாடகைக்கு எடுத்து ஸ்டூடியோ என்று போர்டு மாட்டினார்கள். சுரங்கத்தில் தோண்டிய தங்கத்தைத் தொட மாட்டார்களாம். பழைய தங்கம், பனங்கொட்டை, கொட்டாங்குச்சி, மீமிசல் கரையில் ஒதுங்கிய கிளிஞ்சல், உடைந்த பாட்டில் கண்ணாடி, இவற்றில்தான் நகை செய்வார்களாம். பூமியைக் காயப்படுத்தாத நகை என்று ஆங்கிலத்தில் சுவரில் எழுதியிருந்தது. எழுதியிருந்த சுவருக்குப் பின்னால் மூன்று அறைகளுக்கும் ஏசி. வாரம் ஒருமுறை பூமியைக் காப்பாற்ற விமானத்தில் திருச்சிக்கு வந்து, அங்கிருந்து பெரிய காரில் இறங்குவார்கள். கையில் மட்டும் மறக்காமல் எவர்சில்வர் தண்ணீர் பாட்டில் இருக்கும்.

நான் அங்கே வேலை பார்த்தேன். அதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் யோக்கியமானவள் போலப் பேசுகிறேன் என்று ஆகிவிடும். இருபது வருடத்துக்கு மேல் தனியார் பள்ளியில் தமிழ் நடத்திவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். கணவர் போய்விட்டார். மகள் புதுக்கோட்டையில் ஒரு மருத்துவமனை லேபில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். திருக்கோகர்ணத்து வீட்டில் பகல் முழுக்க நானும் டிவியும்தான். நகையோடு வைக்கிற அட்டைக்கு ஒரு பத்தி எழுத ஆள் வேண்டும் என்றார்கள், போனேன். நான் தமிழில் எழுதுவேன், அவர்கள் ஆங்கிலத்தில் மாற்றிக்கொள்வார்கள். அட்டை விதை கலந்த காகிதம். படித்து முடித்ததும் மண்ணில் புதைத்தால் துளசி முளைக்குமாம். வாங்குகிறவர்கள் பன்னிரண்டாவது மாடியில் இருக்கிறார்கள், எந்த மண்ணில் புதைப்பார்கள் என்று கேட்டேன். நல்ல கேள்வி என்று பாராட்டினார்கள்.

எனக்கு மேலாளர் போல இருந்தது டிசைனர் பையன். சென்னைப் பிள்ளை, முப்பது வயது இருக்கும். கெட்டவன் என்று சொல்ல மாட்டேன், ஒன்றும் தெரியாதவன். முதல் வாரம் என்னைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் பெண்களிடம் பேசினான்.

“உங்க வீட்ல பழைய தங்கத்தை என்ன பண்ணுவீங்க?” என்று ஒரு வீட்டில் கேட்டான்.

மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த அந்த அம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தார். “உருக்கி வேற செய்வோம். தூக்கியா போடுவாக?”

அவன் அதை நோட்டில் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டுக்கொண்டான். அடுத்த மாதம் கம்பெனி வெளியிட்ட வழவழப்பான புத்தகத்தில் அது ஒரு முழுப்பக்கம் வந்தது, ஒரு மறைந்துபோன ஞானத்தைக் கண்டெடுத்தது போல. இந்த மாவட்டத்தில் எந்தப் பெண்ணின் மூக்குத்தியும் மூன்றாவது பிறவிதான். அதற்கெல்லாம் யாரும் எங்களுக்கு மாலை போட்டதில்லை.

இவர்களின் பெரிய கண்டுபிடிப்பு ‘ஒரே வீட்டுத் தங்கம்’. காப்பிக்கொட்டை ஒரே தோட்டத்தில் விளைந்தது என்று சொல்லி விலை வைப்பார்களாமே, அந்த மாதிரி ஒரு வீட்டுத் தங்கத்தை இன்னொரு வீட்டுத் தங்கத்தோடு கலக்காமல் தனியாக உருக்கி ஒரு நகை செய்வார்கள். அட்டையில் உள்ள க்யூஆர் கோடைப் போனில் காட்டினால் அந்தத் தங்கம் யாரிடம் இருந்தது, எப்படி வந்தது என்ற கதை வரும். கதை எழுதுவது நான். பழைய தங்கத்தைக் கொடுத்தவர்களுக்குப் பதிலுக்கு என்ன தந்தார்கள் தெரியுமா? அதே மதிப்புக்கு உறை போட்ட புத்தம் புதுத் தங்கக் காசு. அந்தக் காசு எந்தச் சுரங்கத்திலிருந்து வந்தது என்று நான் கேட்டபோது பையன் போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

இப்படியெல்லாம் அவர்களைக் கரித்துக் கொட்டிக்கொண்டிருந்த நான்தான் என் தாலியையும் தாலிச் செயினையும் கொண்டுபோய் அவர்களிடம் கொடுத்தேன்.

அந்தச் செயின் என் கணவர் ஷார்ஜாவிலிருந்து முதல் லீவில் வந்தபோது வாங்கி வந்தது. கல்யாணத்தின்போது வசதி இல்லை, மஞ்சள் கயிறுதான். இரண்டு வருடம் கட்டட வேலையில் கம்பி கட்டி, வெயிலில் கருகி, பாஸ்போர்ட்டோடு சேர்த்துப் பையில் வைத்துக் கொண்டுவந்தார். நாலு வருடத்துக்கு முன் ஒரு நாள் காலையில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்தார். கருமாதியன்று செயினையும் தாலியையும் கழற்றினார்கள். அன்றிலிருந்து அது ஒரு பிஸ்கட் டப்பாவில், பீரோவின் அடித்தட்டில் கிடந்தது.

எங்கள் பக்கத்தில் கல்யாண நகைக்குப் பழைய பொன் கொண்டுபோனால் பத்தர் ஒரு கேள்வி கேட்பார். “இது யாரு போட்டிருந்த பொன்னு?” அவ்வளவுதான் கேள்வி. புருஷனை இழந்தவள் போட்டது என்றால் அதை ஓரமாக வைத்துவிட்டு, தன் கையிருப்பிலிருந்து அதே எடைக்குச் செய்து தருவார். அந்தக் கையிருப்பு மட்டும் எங்கிருந்து வந்தது? போன மாதம் இன்னொருத்தி கொடுத்து ஓரமாக வைத்தது. ஊரே சேர்ந்து ஆடுகிற இந்தக் கண்ணாமூச்சி எல்லாருக்கும் தெரியும், யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். பொன் உருக்கும்போது எங்களைப் போன்றவர்கள் எதிரில் உட்காரவும் கூடாது. கடை வாசலில் ஒரு பெஞ்ச் இருக்கும், எழுந்து அங்கே போய்விட வேண்டும். என் தம்பி மகள் கல்யாணத்துக்குப் பொன் உருக்கிய அன்று, யாரும் ஜாடை காட்டுவதற்கு முன்பே நான் எழுந்து வாசலுக்குப் போனேன். சொல்ல வைக்காமல் போவதுதான் கௌரவம் என்று அதற்கு ஒரு பெயரும் வைத்திருந்தேன்.

மகளுக்கு மாப்பிள்ளை அமைந்தது. தாலி மாப்பிள்ளை வீட்டார் செய்வது, தாலிச் செயின் நாங்கள் போடுவது என்று பேசி முடித்தார்கள். கல்யாணத்தன்று கயிறு, மூன்றாம் மாதம் தாலி பிரித்துக் கோக்கும்போது செயின். நிச்சயம் முடிந்த மறுநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மகள் சொன்னாள்.

“அம்மா, அப்பா வாங்குன செயினையே அழிச்சு எனக்குப் பண்ணிக் குடு.”

நான் ரசம் ஊற்றுவது போல எழுந்துவிட்டேன். அவள் விடவில்லை. வாரத்துக்கு ஒருமுறை கேட்டாள். டிசைன் பழசு என்றேன், செம்பு அதிகம் என்றேன், ஷார்ஜாத் தங்கத்தில் செம்பு அதிகமா என்று அவள் கேட்டதும் தலைவலி என்றேன். உண்மையான காரணத்தை அவளிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. வகுப்பில் இத்தனை வருடம் மூடநம்பிக்கை என்ற தலைப்பில் கட்டுரை எழுதச் சொல்லி, சிவப்பு மையில் திருத்தி, நன்று என்று போட்டவள் நான்.

இந்தச் சங்கடத்துக்குக் கம்பெனி நல்ல வழியாகத் தோன்றியது. அவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள். பழையதைக் கொடுத்தால் உறை போட்ட புதுக் காசு வரும், அதில் மகளுக்குச் செயின். என்னுடையது எவளாவது பணக்காரி கழுத்தில் போய் ஏறட்டும். ஒரு வெள்ளிக்கிழமை டப்பாவோடு பஸ் ஏறிக் கொடுத்துவிட்டு வந்தேன். மகளிடம் சாயங்காலம் சொன்னேன். அவள் பீரோவைத் திறந்து டப்பா இருந்த இடத்தைப் பார்த்துவிட்டு மூடினாள்.

என் தங்கத்துக்கும் நானே அட்டை எழுத வேண்டியிருந்தது. மற்றவர்களுக்கு எழுதும்போது கொஞ்சம் பூசி மெழுகுவேன். இதில் ஒன்றையும் மறைக்கவில்லை. வெளிநாட்டில் கம்பி கட்டிய ஒருவர் மனைவிக்கு வாங்கிய செயின் இது, அவர் இறந்த பதினாறாம் நாள் அவள் கழுத்திலிருந்து கழற்றினார்கள், நாலு வருடம் ஒரு டப்பாவில் இருந்தது என்று எழுதினேன். நேர்மையாக எழுதினேன் என்று பெருமை பேச மாட்டேன். அதில் பாதி வன்மம். வாங்குகிறவள் படித்து ஒரு நிமிடமாவது நெளியட்டும் என்று இருந்தது.

பையன் படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். “மேம், ரொம்ப ராவா இருக்கு. ரொம்ப அதென்டிக்.” ஒரு வார்த்தையும் மாற்றாமல் போட்டார்கள். இந்த இடத்தில்தான் அவர்கள் படிப்பெல்லாம் கோட்டை விட்டது. தங்கம் எந்த மண்ணிலிருந்து வந்தது என்பது வரைக்கும் யோசித்தவர்கள், எந்தக் கழுத்துக்குப் போகிறது என்று யோசிக்கவில்லை. கல்யாணத்துக்கென்று தனியாக ஒரு வரிசை போட்டார்கள். அதில் என் தங்கத்தைத் தாலிச் செயினாகச் செய்தார்கள். நடுநடுவே கொட்டாங்குச்சிக் குண்டு வேறு.

அதை வாங்கியவர் சென்னையில் இருக்கும் ஒரு பெரிய வீட்டு அம்மா, மகள் கல்யாணத்துக்கு. பெட்டி வந்து சேர்ந்ததும் சொந்தக்காரர்கள் கூடியிருக்கும்போது திறந்து, அட்டையைப் போனில் காட்டி, சம்பந்தியம்மாவிடம் சத்தமாகப் படிக்கக் கொடுத்திருக்கிறார். கழற்றினார்கள் என்ற இடம் வந்ததும் சம்பந்தியம்மா போனைக் கீழே வைத்துவிட்டாராம்.

ஞாயிற்றுக்கிழமை காலை பையன் என்னைக் கூப்பிட்டான். மகள் கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். போன் ஸ்பீக்கரில் இருந்தது, எனக்குக் காதில் வைத்துப் பேசப் பிடிக்காது.

“மேம், கஸ்டமர் ரொம்ப அப்செட். அவங்களுக்கு வேற பீஸ் குடுத்துட்டோம். இதை இன்னொருத்தருக்கு அனுப்பணும். ஸ்டோரியைக் கொஞ்சம் பாசிட்டிவா மாத்தித் தர்றீங்களா?”

“எப்படி மாத்துறது?”

“அவர் இருக்கார்ங்கற மாதிரி. முப்பதாவது கல்யாண நாளுக்கு அவங்களே சந்தோஷமா குடுத்தாங்கன்னு.”

“அவரு இருக்காருன்னு எழுதுனா வந்துருவாரா தம்பி?”

அவன் குரலைத் தாழ்த்திச் சொன்னான், “நான் தப்பா சொல்லல மேம். கல்யாணத்துக்குப் போடறது இல்லையா, சென்டிமென்ட்...”

எனக்கு வந்த கோபத்தில் நாக்கு நிற்கவில்லை. “என்ன சென்டிமென்ட்? அந்தப் பொன்னுல என்ன தீட்டு இருக்கு? வெயில்ல நின்னு ஒரு மனுசன் சம்பாரிச்சது. ஒங்க கஸ்டமர் வீட்டு வைரத்தை விடச் சுத்தம். ஒரு எழுத்து மாத்த மாட்டேன். வேணாம்னா ஒங்க காசை வாங்கிக்கிட்டு என் பொன்னைத் திருப்பிக் குடுங்க.” வைத்துவிட்டேன். நன்றாகப் பேசினோம் என்ற திருப்தி இருந்தது. மகள் மடித்த துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

கம்பெனிக்காரர்கள் பாடம் கற்றுக்கொள்வதில் சூரர்கள். அடுத்த வாரமே தங்கம் கொடுக்கிறவர்களுக்கு ஒரு புதுப் படிவம் போட்டார்கள். அதில் ‘மகிழ்ச்சியான மூலம்’ என்று ஒரு கட்டம், டிக் அடிக்க. டிக் அடித்த தங்கத்துக்குத் தனி முத்திரை, கூடுதல் விலை. டிக் இல்லாத தங்கம் கல்யாண வரிசைக்குப் போகாது, ஆபீஸுக்குப் போட்டுப் போகிற மோதிரம், கம்மலாகும். எங்கள் பத்தர் ஒற்றைக் கேள்வியில் முடிக்கிற வேலையை இவர்கள் லோகோ போட்டு, மறுசுழற்சிக் காகிதத்தில் அச்சடித்தார்கள். நான் வீடு வீடாகப் போய்ப் புருஷன் இருக்கிறாரா என்று கேட்டு நிரப்பிவர வேண்டுமாம். படிவத்தை மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டு அன்றோடு நின்றுவிட்டேன்.

காசைத் திருப்பிக் கொடுத்தேன். என் பொன் திரும்பி வந்தது. செயினாக வரவில்லை. கொட்டாங்குச்சிக் குண்டுகளைப் பிரித்தெடுத்துவிட்டு, தங்கத்தை உருக்கி, ஒரு புளியங்கொட்டை அளவு கட்டியாகக் கொடுத்தார்கள். தாலியும் அதற்குள்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து அதை மேஜைமேல் வைத்தேன். மகள் எடுத்து உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தாள்.

“இதுல பண்ணு” என்றாள்.

“வேணாம். இதைப் பத்தர்ட்ட குடுத்துட்டு வேற வாங்கிக்கலாம்.”

“அன்னைக்கு போன்ல கேட்டியே, அந்தப் பொன்னுல என்ன தீட்டு இருக்குன்னு. அதையேதான் நானும் ஒன்ட்ட கேக்குறேன்.”

மாட்டிக்கொண்டேன். ஊராரைச் சொன்னேன், மாப்பிள்ளை வீட்டைச் சொன்னேன். அவள் முகத்தை மாற்றாமல் நின்றாள். கடைசியில் உள்ளதைச் சொன்னேன். “ஒனக்கு எதாச்சும் ஒண்ணுன்னா இதுனாலதான்னு நெனச்சு நெனச்சே நான் செத்துருவேன்டி.” சொல்லிவிட்டு அழுதேன். பெரிய வீட்டு அம்மாவைப் பற்றி ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தவள், அதே பயத்தை முந்தானையில் முடிந்து வைத்திருந்தேன். அவராவது காசு கொடுத்து வாங்கியதைத்தான் வேண்டாம் என்றார். நான் கட்டியவர் வாங்கிக் கொடுத்ததை வேண்டாம் என்றேன்.

மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். “அப்பா எனக்குன்னு விட்டுட்டுப் போனது வேற என்னம்மா இருக்கு?” என்றாள். சைக்கிள் இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தச் சைக்கிளையும் நான் போன வருடம் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டேன் என்பது நினைவுக்கு வந்தது.

மறுநாள் காலை இருவரும் பத்தர் கடைக்குப் போனோம். கோயில் தெருவுக்குப் பக்கத்தில் இருக்கிறது, நடக்கிற தூரம். பத்தர் எனக்கு ஐந்தாறு வயது இளையவர். கட்டியை வாங்கி உரைத்துப் பார்த்தார், தராசில் வைத்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், தராசைப் பார்த்தபடியே கேட்டார்.

“டீச்சர், இது யாரு போட்டிருந்த பொன்னு?”

“கம்பெனி குடுத்த கட்டி பத்தரே. புதுசுதான்” என்றேன்.

எப்படி அவ்வளவு சரளமாக வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை. ஒரு எழுத்து மாற்ற மாட்டேன் என்று அந்தப் பையனிடம் கத்திய அதே வாய்தான். எழுத்து என்ன, கதையையே மாற்றிவிட்டேன், அவன் கேட்டதைவிடச் சுருக்கமாக.

“இல்லண்ணே” என்றாள் மகள். “எங்கம்மா தாலியும் தாலிச் செயினும். எங்கப்பா வாங்குனது. கம்பெனிக்காரங்க உருக்கிக் குடுத்துட்டாங்க.”

பத்தர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். “மாப்பிள்ள வீட்டுக்குத் தெரியுமாம்மா?”

“சொல்லிட்டேன். அவங்கம்மா ரெண்டு நாள் பேசல. இப்பப் பேசுறாங்க.”

இது எனக்கே புதுச் செய்தி. வருகிற மாமியாரிடம் போய் இவள் இதைச் சொல்லியிருக்கிறாள், அந்த அம்மாவும் இரண்டு நாளில் மனதைத் தேற்றிக்கொண்டிருக்கிறார். நாலு வருடமாகத் தேற்ற முடியாமல் இருந்தது நான் ஒருத்திதான்.

“டீச்சர், நீங்க என்ன சொல்றீங்க?” என்று பத்தர் கேட்டார். இந்த முறை என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டார்.

“பொய் சொல்லிட்டேன் பத்தரே. என்னோடதுதான். உருக்குங்க” என்றேன்.

அவர் பொன் உருக்கும் மண்குகையை எடுத்துக் கட்டியை அதில் போட்டு, கேஸைத் திறந்து பற்றவைத்தார். நெருப்புச் சத்தம் கேட்டதும் பழக்கதோஷத்தில் நான் எழுந்து வாசல் பெஞ்ச் பக்கம் ஓரடி எடுத்து வைத்துவிட்டேன். பத்தர் நிமிரவில்லை. மகளும் கையைப் பிடித்து இழுக்கவில்லை, போகாதே என்று சொல்லவுமில்லை. தான் உட்கார்ந்திருந்த பாயில் கொஞ்சம் தள்ளி எனக்கு இடம் விட்டாள். நான் திரும்பி வந்து அவள் பக்கத்தில், குகைக்கு நேர் எதிரில் உட்கார்ந்துகொண்டேன்.